கிராமத்துச் செவிலியர் பணி: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் புதிதாகப் பணியில் சேர்ந்த பெண்கள் வரை இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனைச் செவிலியருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் என்ன வேறுபாடு?

மருத்துவமனைக்கு நோயாளி தானாக வருகிறார். வலி அவரைக் கூட்டி வந்துவிடுகிறது. கிராம சுகாதார செவிலியர் பார்க்க வேண்டியவர்களில் பலருக்கு வலியே இருக்காது. இரத்தம் குறைந்திருக்கும் கர்ப்பிணிக்குக் கொஞ்சம் அசதி இருக்கும்; களை எடுத்த அசதி என்று அவரே சொல்லிவிடுவார். தடுப்பூசி தவறிய குழந்தை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கும். இவர்களைத் தேடிப் போய்க் கண்டுபிடிப்பதே இந்த வேலை. வந்தவர்களைக் கவனிப்பது எல்லாச் செவிலியருக்கும் பொது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு மாலையும் யோசிப்பது எங்களுடைய தனிக் கடமை. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது அதைத்தான்.

ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு துணை சுகாதார நிலையம்தான் ஒரு கிராம சுகாதார செவிலியரின் களம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையில் அது 20,000. திருப்பூர், பல்லடம், பெருந்துறை போலத் தொழிற்சாலைகள் பெருகிய இடங்களில், கணக்கில் இருக்கும் மக்கள்தொகைக்கும் உண்மையில் குடியிருக்கும் மக்கள்தொகைக்கும் நிறைய இடைவெளி உண்டு.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிரமமும் இருக்கிறது. காவிரிக் கழிமுகத்து ஊர்களைப் போல இங்கே எல்லாரும் தெருவில் வரிசையாகக் குடியிருப்பதில்லை. கொங்கு நாட்டில் தோட்டத்துக்குள்ளேயே சாளை கட்டி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே மஞ்சள் காடும் கரும்புக் காடும் கிடக்கும். முள்கம்பி வேலி, கட்டுத்தரை நாய், பூட்டிய படல் எல்லாவற்றையும் தாண்டினால்தான் ஒரு வீடு. ஊருக்குள் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை தோட்டங்களில் ஒரு நாளை விழுங்கிவிடும். செவிலியர் எத்தனை வீடுகள் போனார் என்று மட்டும் கேட்கும் அதிகாரிகளிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பிளஸ் டூ முடித்த மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

துணை செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் படிப்பு இரண்டு ஆண்டுகள். கிராம சுகாதார செவிலியர் பணிக்கு இதுவே வழி. செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எதைப் படித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்த பிறகே பணியாற்ற முடியும். அரசுப் பணி நியமனங்கள் 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நடக்கின்றன.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் செவிலியர் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். இந்திய செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, மாணவிகளைச் செய்முறைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை பிரசவம் பார்க்கக் கிடைக்கும் என்று கேளுங்கள். பயிற்சியில் பிரசவம் பார்க்காமலேயே சான்றிதழ் வாங்கிய பெண்கள் பணிக்கு வந்து கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அந்தப் பெண்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாளில் அப்படி என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஊசி போடுவது மட்டும் தெரியும். அதில் பெரும்பங்கு ஊசிக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்க வேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகக் குளிரிலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் மருந்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேசையில் வைத்து, அதன் மேல் வியர்வை பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் களக் களக்கென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் அடுக்கலாம். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும்போது இந்தக் காத்திருப்புதான் முதலில் வெட்டுப்படும். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, ஐஸ் பேக்கை எடுத்துக் காதில் வைக்கிறாரா என்பதைத்தான்.

தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். "இன்னும் நான்கு சொட்டு இருக்கிறதே, மாலையில் வரும் குழந்தைக்குப் போட்டால் என்ன?" என்று கேட்கும் ஊர்ப் பெரியவர் இருப்பார். அவரிடம் மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல், முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். அம்மாயிக்குக் கட்டுத்தரையில் மாடு காத்திருக்கும், அம்மாவுக்குப் பஸ் காத்திருக்கும். அவர்களோடு பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பதும் வேலையில் சேர்த்தி.

கர்ப்பம் தெரிந்த உடனே பதிவு செய்யச் சொல்கிறீர்களே, ஏன் அவ்வளவு அவசரம்?

பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண் கிடைக்கும். பிற்பாடு குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அதைக் கேட்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் உண்டு. 1987இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்.

வீடுகளில் இந்தப் பணத்தைப் பற்றியே பேச்சு ஓடுகிறது. நான் பதிவை வலியுறுத்துவது வேறு காரணத்துக்காக. முதல் மூன்று மாதத்தில் எடுத்த இரத்த அழுத்தம் தெரிந்தால்தான் ஏழாம் மாதத்தில் அது ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியும். இரத்த வகை நெகட்டிவ் என்று முன்பே தெரிந்தால்தான் அதற்கான ஊசிக்கு ஏற்பாடு செய்ய முடியும். இரத்த அழுத்தம் 140/90 ஆகி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கலாகி, மேல் வயிற்றில் வலித்தால் அது வலிப்பு வரப்போவதன் அறிகுறி. அந்தத் தலைவலியைப் பித்தம் என்று எடுத்துக்கொண்டு, சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துப் படுக்க வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. கஷாயம் குடிக்கட்டும், 108க்கு அழைத்துவிட்டுக் குடிக்கட்டும்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?

நல்ல கேள்வி. கொங்கு வீடுகளில் இதை முதலிலேயே கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

கர்ப்பிணிக்கு நடத்தும் கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள் கோபிசெட்டிபாளையத்துக்குப் போகிறாள். காங்கேயத்துச் செவிலியரின் பதிவேட்டில் "அம்மா வீடு சென்றார்" என்று ஒரு வரி. கோபியில் இருக்கும் செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. எட்டாம் மாதமும் ஒன்பதாம் மாதமும், மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய காலம், இரண்டு பதிவேடுகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவள் புகுந்த வீடு திரும்பும்போது குழந்தையின் தடுப்பூசியும் அதே போல நடுவில் விழுகிறது.

நான் பகுதி செவிலியராக இருந்தபோது என் கீழ் இருந்த எல்லாரையும் ஒரு வேலை செய்யச் சொன்னேன். விருந்துக்கு நாள் குறித்தவுடன் பெண்ணின் அம்மா வீட்டு ஊர், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அம்மாவின் போன் எண் மூன்றையும் எழுதி வாங்கிவிட வேண்டும். அன்றே அந்த ஊர்ச் செவிலியருக்குப் போன் செய்து, "இன்ன பெண் வருகிறாள், இரத்தம் இவ்வளவு, இரத்த அழுத்தம் இவ்வளவு" என்று வாயால் சொல்ல வேண்டும். இப்போது எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகிறது. இருந்தாலும் ஒரு செவிலியர் இன்னொரு செவிலியரை அழைத்து ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி ஒப்படைத்தால், அந்தப் பெண் தவறிப்போவதில்லை. வாசகர்களில் கர்ப்பிணிகள் இருந்தால், நீங்களே இரண்டு செவிலியரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறவில்லையே, ஏன்?

முதல் காரணம், மாத்திரை விழுங்கப்படவில்லை. செவிலியர் எண்ணிக் கொடுக்கிறார், பெண் வாங்கி வைக்கிறாள், அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறார். மலம் கறுத்தால் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிடுவதால் அப்படித்தான் ஆகும். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. இதை மருமகளிடம் சொல்வதில் பயனில்லை. மாமியாரை உட்கார வைத்து, அவருடைய நகக்கண்ணையும் கீழிமையையும் பார்த்து, "உங்களுக்கும் இரத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, அம்மிணி" என்று தொடங்கினால் அந்த வீட்டில் மாத்திரை விழுங்கப்படும்.

இரண்டாவது காரணம், நேரம். டீயோடும் காபியோடும் சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும். கம்பு, ராகி, கொள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் நம் தோட்டத்திலேயே விளைபவை. கடைச் சத்துமாவு வாங்கப் பணம் இல்லை என்று வருந்தும் பெண்ணிடம் நான் இதைச் சொல்வேன். ஆனால் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போய்விட்டால் கீரையை நம்பி உட்காரக் கூடாது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களைப் பற்றி எனக்கு நிரந்தரக் கவலை உண்டு. அவர்களில் பலர் திருமணத்துக்கு முன்பே இரத்தம் குறைந்துதான் இருக்கிறார்கள். விடுதிக்குள் போய்ப் பரிசோதிக்க ஆலை நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டு, மறுத்தால் மறுபடி கேட்டு, உள்ளே போய்விட வேண்டும். பிரசவத்தில் ஆரோக்கியமான பெண் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை, இரத்தசோகை உள்ள பெண்ணால் தாங்க முடியாது. கர்ப்பமான பிறகு ஓடுவதைவிடப் பதினெட்டு வயதில் ஏற்றிவிடுவது எளிது.

வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பா?

ஆம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் வாழ்கின்றன. அரசுத் தடுப்பூசி எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் இலவசம். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது தவறு.

பகல் பதினொரு மணிக்கு, அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனால் பத்துக் கதவிலும் பூட்டுதான் இருக்கும். ஞாயிறு, அல்லது ஷிப்ட் முடிந்த மாலை, இரண்டில் ஒன்றில் போக வேண்டும். அந்த வரிசையில் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு பெண் எப்போதும் இருப்பாள்; அவளைப் பிடித்துக்கொண்டால் போதும். மொழி தெரியாத செவிலியர் கூட, தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி அதில் உள்ள கட்டங்களைப் படித்துவிடலாம். ஊருக்குத் திரும்பும் தாயிடம் அந்த அட்டையைத் துணிப்பையில் வைக்காமல் ரயில் டிக்கெட்டோடு வைக்கச் சொல்லுங்கள். அங்கே போய் எந்த ஊசி போட்டோம் என்று தெரியாமல் தவிப்பவர்கள் அதிகம்.

வெளியூரார் என்று இவர்களைக் கடைசியாகப் பார்க்கும் வழக்கம் எங்களில் சிலரிடமும் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. நம் ஊர்ப் பனியனைத் தைக்கும் கையில் இருக்கும் குழந்தை நம் ஊர்க் குழந்தை.

மலைப்பகுதியில் பணி போட்டால் மறுத்துவிடலாமா?

மறுக்காதீர்கள். இந்தத் தொழிலை ஒரு பெண் முழுமையாகக் கற்கும் இடம் மலைதான்.

பர்கூர், கடம்பூர், தலமலை, கொல்லிமலை, வால்பாறை என்று கொங்கு நாட்டைச் சுற்றி மலைகள். திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர்களில் மாலைக்குப் பின் யானைக்குத்தான் வழி. பிரசவ வலி கண்ட பிறகு வாகனம் தேடினால் காலம் கடந்துவிடும். அதனால் பிரசவத் தேதி நெருங்கும் பெண்ணை முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தங்க வைக்கும் காத்திருப்பு அறைகள் சில இடங்களில் உண்டு. அறை இருந்தால் மட்டும் அவள் வந்துவிடுவாளா? வீட்டில் இரண்டு குழந்தைகள், ஆடு, ராகிக் காட்டுக் காவல். இவற்றை யார் பார்ப்பது என்பதற்கு அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஏற்பாடு செய்யாத செவிலியர், "சொல்லியும் வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவதோடு சரி.

இன்னொன்று, பரம்பரையாக வரும் அரிவாள் செல் இரத்தசோகை. நீலகிரியிலும் சத்தியமங்கலம் மலைகளிலும் வாழும் பழங்குடி மக்களிடையே இது காணப்படுகிறது. இதற்காக ஒன்றிய அரசு 2023 ஜூலையில் தேசிய இயக்கம் தொடங்கியது. தாய், தந்தை இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சாதாரண இரத்தசோகை என்று நினைத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவை ஊர் நடுவில் சொல்லாமல், அந்த வீட்டாரிடம் மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால், அடுத்த முறை அந்த ஊரில் ஒருவரும் கையை நீட்ட மாட்டார்கள்.

பெண் சிசுவை அழிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதா?

சேலம் மாவட்டத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கப்பட்டது என்பதை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த பெண் குழந்தையைக் கொல்வதற்குப் பதில் அரசுத் தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை நம் மேற்கு மாவட்டங்களில் இருந்தது. பிறகு ஸ்கேன் வந்தது. கருவில் பாலினம் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

ஒரு செவிலியருக்கு இது பதிவேட்டிலேயே தெரியும். முதல் குழந்தை பெண், இரண்டாவதும் பெண். மூன்றாவது கர்ப்பம் பதிவாகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் பரிசோதனைக்கு வருவதில்லை. போய்க் கேட்டால் "தானாகக் கலைந்துவிட்டது" என்ற பதில். இப்படி ஒரே பகுதியில் வரிசையாக வந்தால், எங்கோ ஒரு ஸ்கேன் இயந்திரம் பேசுகிறது என்று பொருள். அதை எழுத்தில் மேலே தெரிவிக்க வேண்டியது செவிலியரின் கடமை.

அதே நேரம், அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள். 1971இல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஒரு பெண்ணுக்கு அது தேவைப்பட்டால் பாதுகாப்பான இடத்தைக் காட்ட வேண்டியவளும் நீங்கள்தான். உங்களைப் பார்த்துப் பயந்தால் அவள் போலி மருத்துவரிடம் போய் உயிரை விடுவாள். பாலினம் பார்க்க அவளை அழைத்துப் போனவர்கள் யார், தோட்டத்துக்கு வாரிசு கேட்டவர்கள் யார் என்பதைப் பாருங்கள். பேச வேண்டியது அவர்களிடம்.

சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கே மருந்து வருகிறதே, அதிலும் செவிலியருக்குப் பங்கு உண்டா?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. மாத்திரை கிடைக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் பாதத்தையும் பார்க்கச் சொல்வேன். வெறுங்காலோடு வாய்க்கால் வரப்பில் நடக்கும் சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் முள் தைத்தால் அவருக்கே தெரியாது. செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பதவி உயர்வு எப்படி?

கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், வட்டார அளவில் சமுதாய சுகாதார செவிலியர், பிறகு மாவட்ட தாய் சேய் நல அலுவலர் என்று படிகள் இருக்கின்றன. பணிமூப்பும் பயிற்சியும் தேவை. மேலே போகப் போக வீடுகள் தூரமாகும், காகிதம் கிட்டே வரும். அதை எதிர்த்து ஒவ்வொரு வாரமும் களத்துக்குப் போக நீங்களே நாள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது என்ன?

ஆய்வுக் கூட்டத்தில் பேசும் விதம். எண்ணிக்கை குறைந்த செவிலியரை எல்லார் முன்னும் எழுப்பி நிறுத்தித் திட்டும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் அந்த எண்ணிக்கை சரியாகிவிடும். காகிதத்தில் மட்டும் சரியாகும். திட்டு விழும் என்று பயந்து பதிவேடு பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த வட்டாரத்தில் எந்தக் கர்ப்பிணி எங்கே இருக்கிறாள் என்பது தலைவருக்கு இனி தெரியப்போவதில்லை.

பொறுப்புக்கு வந்தபின் என் கூட்டங்களை வேறு மாதிரி நடத்தினேன். "இந்த மாதம் உங்களால் பார்க்க முடியாமல் போனவர்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்பதே முதல் கேள்வி. தொடக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, செங்கல் சூளையில் ஒரு கர்ப்பிணி இருப்பதாகவும் சூளைக்காரர் உள்ளே விடவில்லை என்றும் சொன்னாள். மறுநாள் மருத்துவ அலுவலரோடு நானும் அவளும் சேர்ந்து போனோம். அதற்கடுத்த கூட்டத்தில் பெயர்கள் வரத் தொடங்கின. விடுபட்டவரின் பெயரைச் சொல்பவருக்குத் தண்டனை கிடையாது, துணைக்கு ஆள் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும்.

மகப்பேறு மரணத் தணிக்கையும் இதே மாதிரிதான். கர்ப்ப காலத்திலோ, பிரசவமாகி 42 நாட்களுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால் காரணத்தை ஆராய வேண்டும். வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வழியில் தாமதமா, போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்கத் தாமதமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். பல நேரம் மூன்றாவது கேள்வியில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள்; பழி கிராமத்துச் செவிலியர் மேல் உருண்டு வரும். அப்போது அவளுடைய வருகைப் பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று பேசுவதுதான் தலைமை. 2018–20 கணக்குப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. அந்த எண்ணிக்கையை மேலும் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு மரணத்தையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இந்த அமைப்பு எப்போது உருவானது?

சென்னை மாகாணத்தில் 1939இல் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நாட்டுக்கே முன்னோடி அது. செவிலியர், தாதியர் பதிவுச் சட்டம் அதற்கும் முந்தையது, 1926. கர்தார் சிங் குழு 1973இல் கொடுத்த பரிந்துரைக்குப் பிறகு, ஒரே பணியாளர் தாய் சேய் நலம், தடுப்பூசி, குடும்ப நலம் எல்லாவற்றையும் கவனிக்கும் பல்நோக்கு முறை வந்தது. இன்றைய கிராம சுகாதார செவிலியர் அந்த வழியில் வந்தவர்.

பெண்ணாகத் தனியே அலைய வேண்டுமே, பாதுகாப்பு?

கவலை நியாயமானது. தனித்தோட்டத்துக்கு மாலை ஐந்துக்கு மேல் போக நேர்ந்தால் அங்கன்வாடிப் பணியாளரையோ தன்னார்வலரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். போகும் வீட்டை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குடித்திருப்பவரிடம் வாதம் வேண்டாம். துணை சுகாதார நிலையத்திலேயே தங்கச் சொல்லும் இடத்தில் சுற்றுச்சுவர், விளக்கு, தண்ணீர், தாழ்ப்பாள் சரியாக இருக்கும் கழிப்பறை நான்கும் இல்லாமல் தங்கச் சொல்வது அநியாயம்; எழுதிக் கேளுங்கள்.

ஊராட்சித் தலைவராக நான் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன நான்கையும் செய்து கொடுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் செவிலியருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், கடைசிப் பத்து நிமிடம் வேண்டாம், எல்லாரும் இருக்கும்போதே கொடுங்கள். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்களைப் பற்றி முதலில் தெரிவது உங்களுக்கும் மளிகைக்கடைக்காரருக்கும்தான். செவிலியருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

புதிதாகப் பணியில் சேர்கிறேன். முதல் மாதத்தில் என்ன செய்வது?

முந்தைய செவிலியரின் பதிவேட்டை வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வீடுகளுக்குப் போகாதீர்கள். ஒரு பெரிய தாளில் உங்கள் பகுதியை நீங்களே வரையுங்கள்: வாய்க்கால், கோயில், ரேஷன் கடை, தறிக்கூடம், சூளை, ஒவ்வொரு தோட்டத்துச் சாளை. அங்கன்வாடிப் பணியாளரையும் பழைய மருத்துவச்சி ஒருவரையும் உட்கார வைத்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். அவர்கள் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டி, இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்களே என்பார்கள். முதலில் அந்த வீடுகளுக்குப் போங்கள். இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு போங்கள், எதையும் எழுதுவதற்கு முன் வீட்டுப் பெரியவருக்கு ஒருமுறை அளவு பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் போன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துவிடும். சமையலறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.